ஒன்பது முறை பார்த்தவள்

மந்தைவெளியில் சோஃபியாவின் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்துப் பேர் கூடுவார்கள். எல்லோரும் பழைய ஹாலிவுட் படங்களென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற ரகம். வாரத்துக்கு ஒரு படம். அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். இங்கே பேச்சு மட்டும்தான். எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியாக ஃப்ளோரா பேசுவாள். யாரும் போட்ட சட்டமில்லை, ஏழு வருஷத்தில் தானாக அமைந்துபோனது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் அவள். சோஃபியா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். “இப்போ ஃப்ளோரா சொல்லட்டும்” என்று சோஃபியா சொன்னதும் கூடம் அமைதியாகிவிடும். அந்த அரை நிமிஷ அமைதிக்காகத்தான் ஃப்ளோரா வாரம் முழுக்கக் குறிப்பெழுதினாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனி மாதத்தில் சரண்யா வந்து சேர்ந்தாள்.

தி.நகரில் ‘மேட்சிங் சென்டர்’ வைத்திருப்பவள். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அவள் அப்பா வெள்ளைச்சாமி தொடங்கியது. இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வயது முப்பத்தாறு இருக்கும். சோஃபியா தன் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி எடுக்கப்போன இடத்தில் பேச்சு வளர்ந்து, “சும்மா ஒருநாள் வந்து பாரேன்” என்று கூப்பிட்டுவிட்டாள்.

அந்த வாரம் ஒரு துறைமுகப் படம். நாற்பதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளை. தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி, கப்பலேறிப் போன காதலனுக்காக மூன்று வருஷம் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வரும்போது, “எனக்கென்ன, நன்றாகத்தான் இருந்தேன்” என்கிறாள். ஃப்ளோராவுக்கு உயிரான படம். ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். அந்த ஒரு வசனத்தைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“எனக்கு இங்கிலீஷ் சட்டுனு ஓடாது” என்று ஆரம்பித்தாள் சரண்யா. “கீழ வர்ற எழுத்தைப் படிச்சா மூஞ்சியைப் பாக்க முடியல. மூஞ்சியைப் பாத்தா எழுத்து ஓடிப்போயிடுது. அதனால ரெண்டு தடவை பாத்தேன். எழுத்துக்கு ஒருதடவை, மூஞ்சிக்கு ஒருதடவை.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

“அவ நல்லா இருந்தேன்னு சொல்றது பொய்தானே?” என்றாள் சரண்யா. “அந்தக் கோட்டைப் பாத்தீங்களா? முதல்ல வரும்போது பட்டன் ஒரு பக்கம் இருக்கு. கடைசில அதே கோட்டு, பட்டன் அந்தப் பக்கம் மாறியிருக்கு. துணி நைஞ்சு போச்சுன்னா மொத்தமா பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய வச்சுத் தைப்பாங்க. புதுசு வாங்க வழியில்லாதவங்க செய்யறது. மூணு வருஷம் அவ எப்படிப் பாடுபட்டான்னு அந்தக் கோட்டுல இருக்குல்லா.”

கூடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. ஃப்ளோராவுக்கென்று இருந்த அந்த அமைதி, இன்றைக்கு வந்தவளுக்குப் போய்விட்டது.

“அப்படி இருக்காது” என்றாள் ஃப்ளோரா. “எடிட்டிங்ல ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. அந்தக் காலத்துல சகஜம்.”

ஞானதாஸ் சும்மா இருந்திருக்கலாம். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவின் வாட்ஸப்புக்கு அவர்தான் பொறுப்பு. மடிக்கணினியைத் திறந்து, கடைசிக் காட்சியை ஓட்டி நிறுத்தினார். ஃபிலிமைத் திருப்பியிருந்தால் எழுத்தும் தலைகீழாகத் தெரிந்திருக்கும்; பின்னால் இருந்த கடைப் பலகையின் எழுத்து நேராகத்தான் இருந்தது. கோட்டின் பட்டன்தான் இடம் மாறியிருந்தது.

“அம்மாடி!” என்றார் ஞானதாஸ். “ஃப்ளோரா டீச்சர், நீங்க இதை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?”

அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. ஆனால் ஃப்ளோராவுக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. தன் முறை வந்தபோது இரண்டு பக்கத்தையும் படித்தாள். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், சோஃபியா சரண்யாவின் பக்கம் சாய்ந்து கோட்டை எப்படிப் பிரிப்பார்கள் என்று கையால் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாக மாறியது. மின்விசிறிக்கு நேர் கீழே சோஃபியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலி ஏழு வருஷமாக ஃப்ளோராவுடையது. ஒருநாள் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள். சரண்யா அதில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை, “இரு இரு, ஃப்ளோரா எங்க வேணா உக்காந்துக்குவா” என்று சோஃபியா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஞானதாஸ் சரண்யா சொன்னதையெல்லாம் வாட்ஸப் குழுவில் எழுதிப்போட்டார். கீழே விழுந்த இதயங்களை ஃப்ளோரா எண்ணினாள். எண்ணுகிறோமே என்று வெட்கப்பட்டாள். மறுபடியும் எண்ணினாள்.

வீட்டில் படம் பார்க்கும்போது கதையே மண்டையில் ஏறவில்லை. ஒவ்வொரு சட்டைக் கையையும், ஒவ்வொரு பாவாடை ஓரத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. தனக்குப் பிடித்த படங்களெல்லாம் யாரோ புகுந்து கலைத்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தன.

இத்தனைக்கும் சரண்யாவுக்கு ஃப்ளோராவின் மேல் பெரிய மரியாதை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளே ஃபோன் பண்ணினாள். ஃப்ளோரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்து அறையில் அவள் கணவர் லாய்ட் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், தொந்தரவு இல்லியே? இந்த வாரப் படம், அந்த ரெண்டு அக்கா தங்கச்சி கதை. அதுல ஒண்ணு தோணுச்சு. சொல்லலாமா, கிறுக்குத்தனமா இருக்குமான்னு உங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு.”

“சொல்லுங்க.”

“அந்தப் பெரியவ இருக்கால்லா, தங்கச்சிக்காக எல்லாத்தையும் விட்டுக் குடுக்குறவ, அவ வீட்டுக்குள்ள ஒரு காட்சில கூட உக்காரவே இல்ல டீச்சர். எல்லாரும் சாப்பிடறாங்க, இவ நிக்கிறா. கடுதாசி வருது, நின்னுட்டேதான் படிக்கிறா. எல்லாரும் போனதுக்கப்புறம், கடைசில ஒரே ஒருதடவை உக்கார்றா. அப்போதான் எனக்கு அழுகை வந்துடுச்சு. கடைல பொண்ணுங்க உக்கார ஸ்டூல் போடணும்னு சட்டம் வந்துச்சே, அப்போ வரைக்கும் நானும் இதையெல்லாம் கவனிச்சதில்ல. நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அதுலேருந்து எங்க போனாலும் யார் நிக்கிறா, யார் உக்காந்திருக்கான்னுதான் கண்ணு போகுது.”

ஃப்ளோராவின் கையில் கத்தி நின்றது. அந்தப் படத்தை அவள் நான்கு முறை பார்த்திருந்தாள். அந்தக் கடைசிக் காட்சியில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறாள். ஏன் என்று இந்த நிமிஷம் வரை தெரியாது.

“அது வந்து, சரண்யா,” என்றாள். தன் குரல் எவ்வளவு கனிவாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “அதெல்லாம் டைரக்டர் யோசிச்சுப் பண்றது கிடையாது. சும்மா அமைஞ்சது. இதைப் போய் அங்க சொன்னா சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்.”

“அப்படியா டீச்சர்? நல்லவேளை கேட்டேன். ரொம்ப தாங்க்ஸ்.”

சனிக்கிழமை சரண்யா, “நடிப்பு நல்லா இருந்துச்சு, பாட்டு கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லி முடித்துக்கொண்டாள். கடைசியில் ஃப்ளோராவின் முறை. அவள் எழுதிவைத்திருந்தது வேறு. நோட்டு மடியில் திறந்தே இருந்தது. ஆனால் வாய் திறந்ததும் வந்தது இது: “இந்தப் படத்துல அக்கா எப்போ உக்கார்றான்னு யாராவது கவனிச்சீங்களா?”

பிறகு எல்லாம் சரளமாக வந்தது. சாப்பாட்டு மேஜை, கடிதம், கடைசி நாற்காலி. சரண்யாவால் அந்த மாதிரிச் சொல்லியிருக்க முடியாது. வார்த்தைகளைக் கோத்துக் கொண்டுபோகும் வித்தை ஃப்ளோராவுக்குத்தான் கைவந்தது. முடித்தபோது சோஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படி டீச்சர் கண்ணுல பட்டுச்சு?” என்றார் ஞானதாஸ்.

“முப்பத்திரண்டு வருஷம் கிளாஸ்ல நின்னவளுக்கு இது தெரியாதா?”

எல்லோரும் கைதட்டினார்கள். சரண்யாவும் தட்டினாள். இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது ஃப்ளோராவுக்குப் பின்னால் வந்தாள். “டீச்சர், நான் சொன்னா சிரிப்பாங்கன்னு சொன்னீங்க.”

ஃப்ளோரா கைப்பையில் எதையோ தேடினாள்.

“நீங்க சொன்னப்போ யாரும் சிரிக்கல” என்றாள் சரண்யா. குரலில் கோபம் இல்லை. அவளைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரா லாய்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கைதட்டல் வரைக்கும். தான் பேசியதை முழுசாகச் சொல்லிக் காட்டினாள். லாய்ட் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இது அந்தக் கடைக்காரப் பொண்ணு ஃபோன்ல சொன்னதுல்ல?” என்றார்.

“நானும் கவனிச்சதுதான்.”

“ஓ” என்றார் லாய்ட். மறுபடி கிரிக்கெட்டைப் போட்டுக்கொண்டார். ஃப்ளோரா சமையலறையில் நின்றுகொண்டே இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சரண்யா வரவில்லை. ஆடித் தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது, கடையில் கூட்டம் என்றாள் சோஃபியா. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் ஃப்ளோரா உட்கார்ந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் யார் பேசும்போதும் சோஃபியா வாசலைப் பார்த்தாள். ஞானதாஸ், “இந்தக் காட்சிக்கு சரண்யா என்ன சொல்லியிருப்பா?” என்றார். ஆள் இல்லாதபோதும் அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை ஃப்ளோரா தி.நகருக்குப் போனாள். பனகல் பூங்காவிலிருந்து நடக்கும்போதே திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நின்றாள். கடை குறுகலாக, ஆழமாக இருந்தது. சுவர் முழுக்க நிறம் நிறமாகத் துணி. ஒரு பெண் பாக்குக் கலர் பட்டுப் புடவையை மேஜையில் போட்டு, “இதுக்குக் குடுங்க” என்றாள். சரண்யா புடவையைத் தொட்டாள், விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள், திரும்பிப் பார்க்காமலே பின்னால் கைநீட்டி ஒரு துணிச் சுருளை உருவினாள். புடவையின் மேல் வைத்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்து ஃப்ளோராவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும்!

இருபது நிமிஷம் காத்திருந்தாள். விற்பனைப் பெண் ஒருத்தி எழுந்து ஸ்டூலை நகர்த்தி, “உக்காருங்க மேடம்” என்றாள். ஃப்ளோராவால் அதில் உட்கார முடியவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சரண்யா வந்தாள். “என்ன கலர் வேணும் டீச்சர்?”

“துணிக்கு வரல.” ஃப்ளோரா மேஜையில் இருந்த துணியைப் பார்த்தபடி சொன்னாள். “நீ சொன்னதை நான் எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் பண்ணேன். பொறாமை.”

அத்தனை கச்சிதமான வார்த்தைகள் தெரிந்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. சரண்யா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

“சொன்னதை எடுத்துக்கிட்டது கூடப் பரவால்ல டீச்சர். கிறுக்குத்தனம்னு என்னை நம்ப வச்சீங்கல்லா, அதுதான். அந்த ரெண்டு நாளும் நான் எனக்குப் புத்தியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“தப்புதான்.”

“இதை என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?” என்று கேட்டுவிட்டு, அவள் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை முதல் ஆளாக ஃப்ளோரா பேசினாள். படத்தைப் பற்றி அல்ல. படத்தில் நின்றுகொண்டே இருந்த அக்காவைக் கவனித்தவள் சரண்யா, தானில்லை என்றும், அவள் வாயை அடைத்துவிட்டுத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டதாகவும் சொன்னாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

“நான் குரூப்புல உங்க பேர்ல போட்டுட்டேனே” என்றார் ஞானதாஸ்.

“மாத்திப் போடுங்க சார்.”

சோஃபியா, டீ ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. ஃப்ளோரா பின்னாலேயே போனபோது, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் ஃப்ளோரா” என்றாள். “அவ வந்தா நீ எனக்கு இல்லாம போயிடுவியா? முப்பது வருஷம்.”

“அப்படித்தான் இருந்துச்சு சோஃபி.”

சோஃபியா அடுப்பைப் பற்றவைத்தாள். டீயைச் சூடாக்கினாள். கோபம் அன்றைக்குப் போகவில்லை. இரண்டு மாதம் ஃபோனில், “ம்”, “சரி” என்று மட்டும் பேசினாள். பிறகு மெல்ல மெல்லச் சரியானது. முழுக்க முன்பு மாதிரி ஆனதா என்று ஃப்ளோராவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரண்யா ஆவணி பிறந்த பிறகு வந்தாள். ஃப்ளோராவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அந்த வாரம், வெற்றி பெற்ற குத்துச்சண்டைக்காரன் ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வருகிற படம். அவன் மனைவி பயத்தில் அழுகிறாள் என்றாள் ஃப்ளோரா. பயமில்லை, அலுப்பு என்றாள் சரண்யா. “இன்னொரு தடவை பாரு, உனக்கே தெரியும்” என்று ஃப்ளோரா சொல்ல, “நான் மூணு தடவை பாத்தாச்சு டீச்சர், நீங்க தப்பாப் பாத்திருக்கீங்க” என்று அவள் சொல்ல, ஞானதாஸ் டீயைக் கையில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகும் விடவில்லை. படியில் பேசினார்கள், வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று பேசினார்கள்.

சரண்யா சொன்னதில் ஒன்று சரி என்று ஃப்ளோராவுக்கு அங்கேயே பட்டது. பட்ட உடனே அந்தப் பழைய எரிச்சலும் கிளம்பியது. அது எங்கேயும் போயிருக்கவில்லை.

“அவ புருஷனோட ஷூவைத் தள்ளி வைக்கிற இடம்” என்றாள் ஃப்ளோரா. “அது அலுப்புதான். நீ சொன்னது சரி. எனக்குத் தோணல.”

சரண்யா ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். “ஆனா அழற இடத்துல பயமும் கொஞ்சம் இருக்கு” என்றாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “எங்க போகணும் டீச்சர்? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்” என்றாள்.

நடந்தால் ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிற வீடு. ஃப்ளோரா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.