அவனியாபுரம் வளைவில் லாசர்

ஸ்பெயின் தேசத்து பைக் பந்தயக்காரன் லாசரோ கிந்தானா, தன் நாட்டுப் பந்தயத் திடலில் கடைசி வளைவுக்குள் முழங்கால் தரையில் உரசச் சாய்ந்து நுழைந்து, அவனியாபுரம் பைபாஸ் வளைவில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் வெளியே வந்தான். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்குகிற நேரம். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த சோணை கண்ணாடியில் அவனைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டு, "ஏப்பா, ஆரன் அடிக்க மாட்டியா?" என்று கேட்டார். அவனுடைய பைக்கில் ஹாரன் இல்லை. பந்தய பைக்குகளுக்கு ஹாரன், ஹெட்லைட், ஸ்டாண்டு எதுவும் வைப்பதில்லை என்பது அவனியாபுரத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

ஸ்டாண்டு இல்லாத வண்டியை நிறுத்த ஒரு சுவர் வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது உமர் பாரூக்கின் சீட் கவர் கடைச் சுவர். உமருக்கு அப்போதுதான் அப்சானாவோடு நிக்காஹ் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் அவன் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் ரோட்டில் பந்தயம் விட்டுத் திரிந்தவன். சென்னைக்குப் போய் நிஜமான பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்து அலைந்தவனை அவனுடைய அத்தா கையைப் பிடித்துக் கூட்டிவந்து தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். அதனால் மற்றவர்கள் சிவப்புத் தோலுடுப்பில் நின்ற வெள்ளைக்காரப் பையனை வேடிக்கை பார்த்தபோது, உமர் டயரைப் பார்த்தான். கோடே இல்லாத, மொழுமொழுவென்ற டயர். தொட்டுப் பார்த்தான், சுட்டது. பையனுடைய முழங்கையில் உடுப்பின் தோல் கிழிந்திருந்ததைக் கண்டு, ஊசியை எடுத்து, உடுப்பைக் கழற்றச் சொல்லாமலே சீட் தைக்கும் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தான். பிறகு சோணையும் டீக்கடையில் நின்றவர்களும் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி உறுமிக் கிளம்பி, வந்த வளைவுக்கே திரும்பி, சாய்ந்து, இல்லாமல் போனது. சத்தம் குழாயை மூடினாற்போல நின்றது.

ஸ்பெயினில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவன் வளைவுக்குள் போனதும் தெரிந்தது, வெகுநேரம் கழித்து அதே வளைவிலிருந்து வெளியே வந்ததும் தெரிந்தது. கடைசி ஆளாகப் பந்தயத்தை முடித்தான். நடந்ததை நடந்தபடியே சொன்னான். தலையைச் சோதிக்க ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டயரில் ஒட்டியிருந்த செம்மண்ணை மெக்கானிக்குகள் சுரண்டிப் போட்டார்கள்.

அடுத்த வருடமும் வந்தான். அதற்கடுத்த வருடமும் வந்தான். உலகம் பூராவும் பந்தயம் ஓட்டினாலும் சொந்த நாட்டுப் பந்தயத்தில் மட்டும், ஏதோ ஒரு சுற்றில், அந்த வளைவு அவனை இங்கே கொண்டுவந்து விட்டது. அவன் வருவதற்குச் சற்று முன்னால் ரோட்டில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து ஓரமாகப் போகும். லாசரோ என்ற பெயரை ஊர் லாசர் என்று ஆக்கிக்கொண்டது. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இரண்டு லாசர்கள் இருந்ததால் கூப்பிட யாருக்கும் சிரமமில்லை. முதலில் சிவப்பு உடுப்பில் வந்தான், பிறகு நீலத்தில், பிறகு பச்சையில். கலர் மாறினால் கம்பெனி மாறிவிட்டான் என்று அவனியாபுரம் புரிந்துகொண்டது. ஒரு வருடம் மணிக்கட்டு எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்துக்கொண்டு வந்தான். ஒரு வருடம் நொண்டிக்கொண்டு வந்தான். அப்சானா புரோட்டாவை வாழையிலையில் மடித்து உடுப்புக்குள் வைத்து அனுப்புவாள். மகள் பிறந்தபோது அவனிடம்தான் தூக்கிக் கொடுத்தாள். கையுறையோடு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றான். அந்தப் பிள்ளை தவழ்வதை ஒரு வருடமும், நடப்பதை அடுத்த வருடமும், பள்ளிக்கூட யூனிஃபார்மைத் தூக்கிக் காட்டுவதை வேறொரு வருடமும் பார்த்தான். கொரோனா வருடத்தில் வளைவில் தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர் அவனிடம் இ-பாஸ் கேட்டார். ஹெல்மெட் முகத்தை முழுக்க மூடியிருந்ததால் மாஸ்க்கைப் பற்றிக் கேட்கவில்லை.

தன் அப்பன் இறந்த வருடம் லாசர் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உமர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் திரும்பிப் போனபோது அங்கே பந்தயம் முடிந்து ஜனங்கள் கலைந்துவிட்டிருந்தார்கள்.

தமிழ் அவனுக்கு வருடத்துக்கு நாலு வார்த்தையாகத்தான் வந்தது. தோற்ற பந்தயங்களுக்குப் பிறகு மைக்கை நீட்டியவர்களிடம் "அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவனுடைய ஊர்ப்பக்கத்துக் கிளைமொழி என்று பத்திரிகைகளில் எழுதினார்கள்.

அவன் தோற்றுக்கொண்டிருந்ததுதான் அவனியாபுரத்தை உறுத்தியது. இத்தாலியில் ஜெயிப்பான், ஜப்பானில் ஜெயிப்பான். சொந்த நாட்டுப் பந்தயத்தில் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுக் கடைசியாகப் போய்ச் சேர்வான். வருடக் கடைசியில் பார்த்தால் அந்த ஒரு பந்தயத்துப் புள்ளிதான் குறைந்திருக்கும், உலகப் பட்டம் வேறொருவன் கைக்குப் போயிருக்கும். லாசரின் தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த வருடத்தில் உமர் சொல்லிப் பார்த்தான்.

"அடுத்த வருசம் இந்தப் பக்கமே வராத மாப்ள. எங்களால உனக்கு எம்புட்டு நட்டம்."

"நானாண்ணே வாரேன்? ரோடு கொண்டாந்து விடுது" என்றான் லாசர். பிறகு மெதுவாக, "அடுத்த வருசந்தேன் கடைசி. கம்பெனியில சொல்லிட்டாக" என்றான்.

அந்தக் கடைசி வருடம் நெருங்கியபோது ஊரில் யோசனை நடந்தது. வளைவை மறித்து ஷேர் ஆட்டோக்களை நிறுத்திவிடலாம் என்றார் சோணை. வருகிற வேகத்தில் ஆட்டோ மேல் மோதினால் பிள்ளை என்ன ஆவான் என்று அப்சானா கேட்டதும், அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பந்தயத்துக்கு முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது உமர் தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"அந்த வளைவு ஒத்தையடிப் பாதை மாதிரித்தானே? இங்கிட்டிருந்து எதிர்க்க ஒரு ஆள் போனா, அவன் அங்கிட்டே ஒதுங்கிருவான்ல?"

அப்சானாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "போயிட்டு வரலைன்னா?"

"அவன் இம்புட்டு வருசமா வந்துட்டுப் போகலையா?"

"அவனுக்கு அது தொழில். உங்களுக்கு?"

உமர் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய பைக்கை மறுநாள் காலையில் வெளியே இழுத்துத் துடைக்க ஆரம்பித்தான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அப்சானா, ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து சைலன்சரைத் துடைத்தாள்.

சாயங்காலம் ஊரே போனில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தது. லாசர் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றுகளில்தான் வருவான் என்று நினைத்து உமர் பேன்ட் மாற்றாமல் கைலியோடு நின்றிருந்தான். எதிர்பாராமல் நாய்கள் எழுந்தன. அப்சானா ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டி வாரை இறுக்கினாள். உமர் கைலியை மடித்துக் கட்டி, கிக்கரை உதைத்து, கண்ணை மூடாமல் வளைவுக்குள் சாய்ந்தான்.

மறுபக்கம் வெளியே வந்தபோது லட்சம் பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோடு அவனியாபுரத்து ரோடு மாதிரி இல்லை, ஒரு பள்ளம்கூடக் கிடையாது. பக்கத்தில் பச்சை உடுப்பில் லாசர் வளைவை முடித்து நிமிர்ந்துகொண்டிருந்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம் இரண்டு வண்டிகளும் சரிசமமாகப் போயின. லாசர் தலையைத் திருப்பிப் பார்த்தான். "வாரேண்ணே!" என்று கத்தியது எஞ்சின் இரைச்சலுக்கு மேலே உமருக்குக் கேட்டது. அப்புறம் அவன் ஒரு பச்சைப் புள்ளியாகிப் போனான்.

உமருக்குத் திரும்பும் வழி அந்த ஒரே வளைவுதான் என்பதால் முழுச் சுற்றும் ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டினான். மற்ற பைக்குகள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. ஓரத்தில் நின்றவர்கள் ஆபத்து என்று காட்டும் மஞ்சள் கொடியைப் பதறிப்பதறி ஆட்டினார்கள். வரவேற்கிறார்கள் என்று நினைத்து அவனும் கையை ஆட்டினான். டூ ஸ்ட்ரோக் பைக்குகளைப் பந்தயத்திலிருந்து எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் வண்டி கக்கிக்கொண்டு போன நீலப்புகையின் வாசனை பார்வையாளர் மேடைகளில் ஏறியதும், வயசாளிகள் எழுந்து நின்றார்கள். தங்கள் வாலிபத்தில் கேட்ட பைக்குகளையும் அவற்றை ஓட்டிச் செத்துப்போன பையன்களையும் நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உமருக்கு அதெல்லாம் தெரியாது. அத்தா கையைப் பிடித்து இழுத்து வந்த நாளிலிருந்து தன் நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று அந்த ஒரு சுற்றில் காற்றோடு போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது.

அவனியாபுரம் பக்கத்து வளைவில் அப்சானா நின்றுகொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

பந்தயத்தை லாசர் ஜெயித்தான். அந்த வருடத்து உலகப் பட்டமும் அவனுக்கே வந்தது. கைலி கட்டிய ஒருவர் திடலுக்குள் புகுந்தது எப்படி என்று அங்கே விசாரித்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். அவனியாபுரத்தில் வெடி போட்டார்கள். வெடி ஓய்ந்த பிறகுதான் இனி அவன் வரமாட்டான் என்பது எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த சித்திரையில் நாய்கள் எழுந்திருக்கவில்லை. உமர் அந்த ஞாயிறு முழுக்கக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, தைக்க எதுவும் எடுக்காமல், ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "அவன் ஜெயிக்கணும்னுதானே ஆசைப்பட்டீக" என்றாள் அப்சானா. "ஆமா" என்றான். மழைக்காலத்துக்கு முன்னால் ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் வளைவையும் எடுத்துவிட்டு நேராகப் போட்டுவிட்டார்கள்.

போன தை மாதம் லாசர் கொழும்பு வழியாக விமானத்தில் மதுரைக்கு வந்தான். உமர் வெளியே காத்து நின்றான். மற்ற பயணிகள் எல்லாம் போன பிறகும் அவன் வரவில்லை. ஒருவழியாக ஒரு சூட்கேஸை இழுத்துக்கொண்டு, சாதாரணச் சட்டையில், காதோரம் முடி வெளுத்து வந்தான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் மாப்ள இம்புட்டு நேரம்?"

பாஸ்போர்ட் கவுன்ட்டரில் தாமதமாகிவிட்டது என்றான். அங்கே இருந்த காவ்யஸ்ரீ என்ற அதிகாரி, இந்தியாவுக்கு இதற்கு முன்னால் வந்திருக்கிறீர்களா என்று கேட்டாளாம். வருடாவருடம் வந்திருக்கிறேன் என்று இவன் தமிழில் சொன்னானாம். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு முத்திரைகூட இல்லையே சார், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பொய் சொல்ல மனம் வராமல், அவனியாபுரம் வளைவு வழியாக என்று சொல்லியிருக்கிறான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது இப்ப இல்ல சார், ரோட்டை நேராக்கிட்டாங்க. இனிமே வந்தா இப்படித்தான் வரணும்" என்று சொல்லி முத்திரை குத்தினாளாம்.