இரண்டு மில்லிகிராம் வெள்ளி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எடை போட்டு முடித்த வெள்ளித் தகட்டை வெறும் விரலால் தொட்டுவிட்டேன். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் எடை உண்டு. தகட்டை மறுபடி கழுவி, உலர்த்தி, ஆறவைத்து, எடை போட வேண்டியதாயிற்று. நாற்பது நிமிடம் போயிற்று. அதற்குள் பக்கத்து மேசையில் தங்கச்சி மின்னோட்டத்தைத் திறந்துவிட்டு, முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, தகட்டைத் தலைக்குக் குளிப்பாட்டுறியா?"

வகுப்பே சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இந்த மாலை வகுப்பைக் கண்டுபிடித்தது நான். தனியாகத் திரும்பி வர வேண்டாமே என்று அவளை இழுத்து வந்ததும் நான்தான். அவளுடைய விண்ணப்பத்தில் கையொப்பம் மட்டும் அவளுடையது, மற்றதெல்லாம் நான் நிரப்பியது. பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள்.

நாங்கள் அளப்பது ஃபாரடே மாறிலி, அதாவது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம். வெள்ளித் தகட்டை அமிலக் கரைசலில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் மின்னோட்டம் செலுத்தினால் வெள்ளி கரையும். எவ்வளவு மின்சாரம் போனது, எவ்வளவு வெள்ளி கரைந்தது என்ற இரண்டும் தெரிந்தால் மாறிலி வந்துவிடும். ஒவ்வொரு மேசையிலும் '10 ஓம்' என்று சீட்டு ஒட்டிய மின்தடைப் பெட்டி இருக்கிறது. அதை வைத்துத்தான் மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறோம். கூலும் என்ற மின்னூட்ட அலகில், புத்தகத்தில் உள்ள எண் 96,485.

ஒரு தொல்லை உண்டு. தகட்டிலிருந்து சில துகள்கள் கரையாமலே உதிர்ந்து கிண்ணத்தின் அடியில் கிடக்கும். வடிதாளில் அவற்றைப் பிடித்து, எடை போட்டு, தகடு இழந்த எடையிலிருந்து கழிக்க வேண்டும்.

வியாழக்கிழமை எல்லோருடைய எண்களையும் பார்த்து, ஒரே ஒருவருக்கு வகுப்பு நடத்தும் மேடம் பரிந்துரைக் கடிதம் தருவார். அளவுகருவிகளைச் சரிபார்க்கும் அளவுத்தர ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சி. மூன்று வருடமாக என் நகக்கண்ணிலிருந்து கண்ணாடித் தூள் போகவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

ஒரு முறை அளந்து முடிப்பது ஒரு ஓட்டம். தங்கச்சியின் மூன்று ஓட்டங்கள்: 96,950, 96,955, 96,960. என்னுடைய இரண்டு: 97,040, 96,870. அவளுடையது புத்தகத்தைவிட்டு எங்கோ நிற்கிறது. ஆனால் நின்ற இடத்தில் நிற்கிறது. என்னுடையது குதிக்கிறது. அவள் தவறாக அளப்பதில்கூட ஒரு நிதானம் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 5, புதன்

மூன்றாவது ஓட்டம். கையுறை போட்டேன். கடிகாரத்தை இரண்டு முறை சரிபார்த்தேன். உதிர்ந்த துகள் 2.0 மில்லிகிராம். கழித்துக் கணக்குப் போட்டால் 96,972.

இந்த முறை அவளுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்திருக்கிறேன். அவளுக்குப் பக்கத்தில் என்றால் அவளுக்கு அடுத்தது என்றுதான் அர்த்தம். அவளுக்கு மூன்றும் ஒன்றுபோல வந்திருக்கின்றன.

துகளைக் கழிக்காமல் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். 96,490.

வடிதாளின் நார் ஒட்டியிருக்கலாம் என்று தோன்றியது. தாள் சரியாகக் காயாமல் இருந்திருக்கலாம். நேற்றைய துகள் மேல் எனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை என்பதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, 2.0 மேல் ஒரு கோடு போட்டேன். 96,490 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மா பரீட்சை மதிப்பெண் கேட்பதுபோலக் கேட்டாள். "யாருக்கு எவ்வளவு?"

"அக்காவுக்குப் புத்தகத்துல இருக்கிறது அப்படியே வந்திருக்கும்மா. நான்தான் நானூத்து எழுபது தள்ளி நிக்கிறேன்" என்றாள் தங்கச்சி.

"அப்ப அக்காகிட்ட கேட்டுக்க வேண்டியதுதானேடி."

சோற்றைவிட அந்த வாக்கியம் நன்றாக இறங்கியது.

மார்ச் 6, வியாழன்

மேடம் ஒரு மின்தடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தார்.

"இதுல பத்து ஓம்னு போட்டிருக்குல்ல? பத்து இல்ல. பத்து புள்ளி பூஜ்யம் அஞ்சு. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். சீட்டு நான் வேணும்னே ஒட்டினது."

எல்லோரும் தங்கள் மேசைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பத்தை நம்பி ஒழுங்கா அளந்திருந்தா 96,967 கிட்ட வந்திருக்கணும். நாலு பேருக்குப் புத்தகத்து எண் வந்திருக்கு. நம்ம தசமத்துக்கு ஒரு கூலும்கூடப் பிசகல, சரியா 96,485!"

தசமம் என்பது எதையும் ஏழு தசம இடம்வரை எழுதும் ஒருவனுடைய பட்டப்பெயர். அவன் மேசைக்கு அடியில் எதையோ தேடினான். எனக்கும் தேட ஏதாவது கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த நாலு பேரும் நாளைக்கு எழுந்து நின்னு, எதை விட்டீங்க, எதைச் சேத்தீங்கன்னு சொல்லணும்" என்றார் மேடம். கடிதம் தங்கச்சிக்கு.

பேருந்தில் அவள் ஜன்னலோரம். ஐந்து நிறுத்தம் போயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"துகளை விட்டுட்டதானே?"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் எண்ணுக்கும் மேடம் எண்ணுக்கும் நடுவுல ரெண்டு மில்லிகிராம் இடிக்குது. மனசுலயே போட்டுப் பாத்தேன்."

மனக்கணக்கு! எனக்குத் தாளும் பேனாவும் இல்லாமல் வராது.

"துகளைக் கழிச்சா எவ்வளவு வருது?"

"தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு."

விரலை மடக்கினாள். "அஞ்சுதான் வித்தியாசம். எனக்குச் சராசரியாப் பன்னிரண்டு." என் தோளில் இடித்தாள். "அட லூசு அக்கா!"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நோட்டுல கோட்டுக்கு அடியில அந்த எடை தெரியுதுல்ல? நான் வேணா மேடம்கிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம். உன் வேலையப் பாரு."

பெருந்தன்மை என்று அவள் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. அவள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் நான் தினமும் போய் உட்கார வேண்டுமே, அது முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. என் முதல் இரண்டு எண்களைப் பார்த்தால், அந்த ஐந்து வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அவளுடைய பன்னிரண்டு, நிலையாக வந்த மூன்று எண்களின் சராசரி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதில் சந்தேகமே இல்லை, அதனால் திருத்தமில்லாமல் எழுதிவைக்கிறேன்.

நாளைய வேலை: மேடம் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்று 2.0 மில்லிகிராமைச் சொல்வது. பிறகு நான்காவது ஓட்டம். துகளின் எடையை மையால் எழுதி முடிக்கும்வரை மாறிலியைக் கணக்கிடக் கூடாது.