வடகிழக்கு மூலை

…காலியாக இருந்ததாம், அதை ஏன் அவளிடம் போய்ச் சொன்னான், தூக்கக் கலக்கம் என்றிருக்கலாம், மேலிடத்து உத்தரவு என்று புளுகியிருக்கலாம், மலக்கியின் நாக்கில் சனி, வேறென்ன. மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி டிம்ப்னாவின் முன்னால், தான் வரைந்த குடியரசு நினைவுத் தபால்தலையின் படத்தைப் பெருமை பொங்க விரித்தவன் அவன்தானே, மேற்குக் கடலில் யாழ், தெற்கே ஷாம்ராக் இலைக்கொத்து, சுற்றிலும் பழைய மடத்துச் சுவடிகளின் முடிச்சுக்கோலம், நடுவில் முழு அயர்லாந்து, பிரிட்டன் கையிலிருக்கும் வடக்கைத் துண்டாக்கும் பிரிவினைக்கோடே இல்லாமல்… அந்தக் கோட்டைப் போடாததில்தான் அவனுக்கு எவ்வளவு கர்வம்! அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "ஏன் மலக்கி, எங்கப்பா வீட்டு மேலயே மூணு பென்ஸை ஒட்டிட்டியே, இனிமே அவரு விலை அவ்வளவுதானா?" வேடிக்கையாகத்தான் சொன்னாள், டைரோனிலிருந்து பெல்பாஸ்ட் வரை வடக்கையே மறைத்துக்கொண்டு விலை எண்ணாகக் கொழுத்த மூன்று உட்கார்ந்திருந்தது, அப்போதாவது வாயை மூடியிருக்கக் கூடாதா, "அங்கதான் காலியா இருந்துச்சு" என்றான். சிரிப்பு நின்றது. "ஓ" என்றாள், மாவுக்குத் திரும்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அலுவலக மேசையில் படம் கிடக்கிறது, பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்கிறது, கல்யாணம் முடிந்த கையோடு டைரோனின் ஸ்ட்ரபேனில் அவள் அப்பாவின் அதே வீட்டில் விஸ்கியும் கையுமாக என்ன முழங்கினான், வடக்கில் ஒரு புல்லைக்கூட விட்டுத்தர மாட்டோம் மாமா என்று, மாமனார் பேக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினார், அந்த மனுஷனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமோ, தெற்கத்தி மாப்பிள்ளையின் லட்சணம்… கதவைத் திறந்துகொண்டு செயலாளர் கின்செல்லா வந்தார். "என்னய்யா, ஆச்சா? அச்சகத்து ஆளு கீழ நிக்கிறான்." "விலையை மட்டும் நகர்த்தணும் சார்." "எதுக்கு? அந்த மூலைல என்ன இருக்கு, மறைஞ்சா யாரு அழப்போறா?" கோபம் பொத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்திலேயே அடங்கியது, இவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை, காலையில் நான் சொன்னதும் இதேதானே. "கொஞ்ச நேரம் குடுங்க சார்" என்றான். சலித்துக்கொண்டே போனார்.

ஒட்டியிருந்த எண்ணை நகத்தால் கிளப்பினான், அடியிலிருந்து ஏரியும் கரையும் வெளியே வந்தன, எங்கே வைப்பது, கடலிலா, யாழை ஒடுக்கினால் இடம் கிடைக்கும், டிம்ப்னாவும் சமாதானமாகிவிடுவாள், ஆனால் அதுவா கேள்வி… சும்மா பார்ப்போமே என்று தெற்கே கெர்ரியின் மேல் எண்ணைக் கொண்டுபோனான், ஐயோ, அம்மா பிறந்த ஊர், கால்வே, ச்சே, அந்த வளைகுடாவை வரைய எத்தனை பாடு பட்டான், டப்ளின் பக்கம் கொண்டுவரும்போதே, காகிதம் படத்தைத் தொடுமுன்னே, கை தானாகப் பின்வாங்கியது. யாரும் சொல்லித்தரவில்லையே இதற்கு. அன்றைக்கு வடக்கின் மேல் பசை தடவி அழுத்தியபோது இந்தக் கை துளியாவது தயங்கியதா… யோசித்து யோசித்துப் பார்த்தான், தயங்கியதாக நினைவே இல்லை, அப்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.