ஐந்து முறை போய்வந்தவள்

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை, கேட்டு வாங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா மகள் என் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "சித்தி, நீ கதையெல்லாம் எழுதுறல்ல. ஒரு பொய்ய எப்படி முடிக்கணும்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

ஏதோ கல்லூரிப் போட்டி போலிருக்கிறது என்று நினைத்தேன். "எவ்வளவு பெரிய பொய்?"

"ஒன்றரை வருஷம்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம் காட்ட வேண்டும் என்றாள். "நான் பாக்காதத பாத்த மாதிரி எழுதினேன். நீயும் அதையே செஞ்சிடாத."

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வானத்தைத் தொட்டுத் திரும்பிய ராட்சத ரயிலின் இரைச்சலில், வாசலில் நின்ற அவள் நெஞ்சு"

நெஞ்சு என்ன செய்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் படித்துவிட்டாள்.

"சித்தி, நீ தீம் பார்க் போயிருக்கியா?"

"இல்ல."

"அதான். வாசல்ல ரயில் சத்தமெல்லாம் கேக்காது. பை செக் பண்ற டேபிள்தான் இருக்கும். தண்ணி பாட்டில வாங்கி ஓரமா வெச்சிடுவாங்க."

இரண்டாவது தொடக்கம்: "இன்றைய இளைய தலைமுறை கைப்பேசிக்குள்" (இதை நானே வெட்டினேன். நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில், பவர் பார்க்கும் பிரிவு. வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரியைத் தடவித் தடவிப் படிக்கும் அரை நிமிடத்தில் நான் என் ஃபோனை எத்தனை தடவை எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு உபதேசம் செய்ய நான் சரியான ஆள் இல்லை.)

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

3

கல்லூரியில் அவளைக் 'கைடு' என்று கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அக்கா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு ஞாயிறு விடுமுறை. அத்தான் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்குச் செவ்வாய். இந்த இரண்டும் ஒரே நாளில் வந்ததே இல்லை. [திருத்தம்: ஒரு முறை வந்தது. காலையில் டிபன் கட்டிக்கொண்டிருக்கும்போது டிப்போவிலிருந்து ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், அத்தான் போய்விட்டார்.] அதனால் அந்த வீடு மூன்று பேராகச் சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

முதலாண்டு தொடங்கிய வாரம், வகுப்பில் எல்லோரும் விடுமுறைக்குப் போன இடத்தைப் பதிவு போட்டுக்கொண்டிருந்தார்கள். இவளும் நெட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டாள். ஒரு மலை, மூடுபனி, யாரோ ஒருத்தியின் முதுகு. கீழே நாலு வரி. அறுபத்தொரு பேருக்குப் பிடித்திருந்தது. ஒருத்தி, "எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். கைடு ஒன்றரை மணி நேரம் ஊர் பேர் தெரியாதவர்களின் கருத்துகளையெல்லாம் படித்துவிட்டுப் பதில் போட்டாள்.

"பதில் சரியா இருந்துச்சு சித்தி. அதுதான் வம்பாப் போச்சு."

அதற்கப்புறம் ஏரி வந்தது, அருவி வந்தது, அருங்காட்சியகம் வந்தது. கல்லூரிக்குப் போகும் பேருந்தில், பெஞ்சுக்கு அடியில், சாப்பிடும்போது இடது கையில் என்று எப்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தீம் பார்க்குக்கு மட்டும் ஐந்து முறை 'போய்வந்தாள்'.

இந்த இடத்தில் அவளை ஏமாற்றுக்காரி என்று எழுதி, அடித்தேன். வகுப்பில் நாலைந்து பேர் அவள் சொல்லை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிப் போய், சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறார்கள். நேரில் போனவர்களைவிட அவள் கவனமாக எழுதினாள். தகவல் கிடைக்காத இடத்தில் மட்டும் தானாக நிரப்பினாள். தீம் பார்க்கில் படகு ஊஞ்சல் என்று ஒன்று இருக்கிறது. ஐம்பது பேர் உட்காரும் பெரிய படகு, முன்னும் பின்னும் ஆடும். படத்தில் எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது. சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "தாலாட்டு மாதிரி இருக்கும். பயப்படுறவங்க முதல்ல இதுல ஏறுங்க" என்று எழுதினாள்.

அவர்கள் சிரிக்கவில்லை. அலறிக்கொண்டிருந்தார்கள்.

4

இரண்டாம் ஆண்டுச் சுற்றுலாவுக்கு வகுப்பு அந்தத் தீம் பார்க்கையே தேர்ந்தெடுத்தது. வழிகாட்ட யாரைப் போடுவது என்ற பேச்சே எழவில்லை. கைடு காய்ச்சல் என்றாள், ரெக்கார்டு நோட்டு முடிக்கவில்லை என்றாள். ஒன்றும் எடுபடவில்லை.

பக்கத்து இருக்கைக்காரியின் பேர் 'ஸ்கேல்'. எட்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய வளைந்த முதுகெலும்பை அறுவை சிகிச்சை செய்து, கம்பி வைத்து நிமிர்த்தினார்கள். அதிலிருந்து குனிய முடியாது. கீழே பேனா விழுந்தால் ஒருக்களித்து மண்டியிட்டுத்தான் எடுப்பாள். பிறத்தியார் பட்டப்பேர் வைப்பதற்குள் அவளே வைத்துக்கொண்டுவிட்டாள்.

அவளை அனுப்பவே முடியாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். ஸ்கேல் கைடின் படகு ஊஞ்சல் பதிவை எடுத்துக் காட்டினாள். அந்தம்மா ஃபோன் செய்தார்.

"லேசா ஆடுறது பரவால்ல, குலுக்கல் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன். நாலு தடவை போனவ நீ."

"அஞ்சு தடவை ஆன்ட்டி," என்று வாய் தானாகத் திருத்தியது.

இதைச் சொல்லும்போதுதான் கைடு என் கட்டிலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

5

கைடு என் வீட்டுக்கு வந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை, நாற்பத்தொரு பேர் போனார்கள். கைடு முன்னால் நடந்தாள். முதல் திருப்பத்தில் எல்லோரையும் நேராகக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "புதுசா மாத்திட்டாங்க," என்றாள். அடுத்த திருப்பத்தில் சமையற்கூடத்தின் பின்வாசல். "இதையும் மாத்திட்டாங்க." மூன்றாவது முறை பேராசிரியரே, "உன்னக் கேக்காம எல்லாத்தையும் மாத்திட்டாங்க போலிருக்கேம்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கைடும் சிரித்தாள்.

படகு ஊஞ்சலுக்கு முக்கால் மணி நேர வரிசை. இடுப்பு உயரக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. படிக்கட்டுக்கு முன்னால் ஒரு பலகை. யார் யார் ஏறக்கூடாது என்று படங்கள் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். மூன்றாவது படம் முதுகெலும்பு.

"எல்லா போர்டுலயும் இப்படித்தான் போட்டிருப்பாங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

ஸ்கேல் பலகையைப் பார்க்கவில்லை. கைடைப் பார்த்தாள். "நீ சொல்லுடி. குலுக்குமா?"

6

இங்கே நான் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், ஏற்றிவிடும் ஊழியரே ஸ்கேலைத் தடுத்துவிடுகிறார். பொய் யாருக்கும் தெரியாமலே பிழைத்துப்போகிறது. கைடு படித்துவிட்டு, "இப்படி நடக்கணும்னுதான் அன்னிக்கு வேண்டிக்கிட்டேன்," என்றாள். நடக்கவில்லை. கூட்டத்தில் ஊழியர் டிக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முதுகை அல்ல.

இன்னொன்றில் கைடு "குலுக்காது" என்கிறாள், அதற்குப் பின் ஆம்புலன்ஸ். அந்தக் காகிதத்தை அவள் இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். "அவளுக்கு ஒண்ணும் ஆகல. உன் கதைக்காக ஆக்காத."

மூன்றாவதில் கைடின் ஃபோன் உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கிப்போகிறது, அவளுக்குப் புத்தி வருகிறது. "ஃபோன் என்ன பண்ணுச்சு? பொய் சொன்னது நான்தானே."

ஆகவே, நடந்தது மட்டும்.

7

"தெரியாது," என்றாள் கைடு.

"என்ன தெரியாது? அஞ்சு தடவை..."

"ஒரு தடவைகூட இல்ல. இன்னிக்குத்தான் முதல்."

ஸ்கேல் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள். கைடின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்த மலை?"

"போனதில்ல."

"அருவி?"

"எதுவுமே இல்லடி. எல்லாம் படிச்சு எழுதினது. இத மட்டும் படிக்கக்கூட இல்ல. நானா எழுதினேன்."

ஸ்கேல் மெதுவாக, "எங்கம்மாகிட்ட பேசினியே," என்றாள்.

"ஆமா."

ஸ்கேல் திரும்பினாள். மற்றவர்களாக இருந்தால் கம்பிக்கு அடியில் குனிந்து வெளியேறியிருப்பார்கள். அவளால் முடியாது. பின்னால் நின்ற அத்தனை பேரையும் ஒவ்வொருவராக, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கொண்டு, வந்த வழியே, எல்லா வளைவும் சுற்றிப் போனாள். கைடு பின்னாலேயே போனாள். அதற்குள் செய்தி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒருத்தி படம் பிடிக்க ஃபோனைத் தூக்கினாள். கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை மறைத்தது. யார் கை என்று கைடுக்கு இன்றைக்கும் தெரியாது.

8

கைடு முதலில் செய்தது ஓடி ஒளிந்துகொள்ளப் பார்த்ததுதான். வந்த பேருந்தில் போய் உட்காரலாம் என்று போனாள். ஓட்டுநர் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். (நானாக எழுதியிருந்தால் இங்கே ஒரு மனமாற்றத்தை வைத்திருப்பேன். உண்மையில் வேறு போக்கிடம் இல்லை என்பதால்தான் திரும்பினாள்.)

திரும்பி வந்து, படகு ஊஞ்சல் வரிசையின் கடைசியில் தனியாக நின்றாள். ஏறினாள். இறங்கி, குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு, பார்க் வரைபடத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: "படகு ஊஞ்சல். மேல போகும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்புது. கீழ வரும்போது இடுப்புல அடிக்குது. உனக்கு வேண்டவே வேண்டாம்."

அடுத்தது சுழலும் கோப்பைகள். "பக்கவாட்டுல இழுக்குது. வேண்டாம்." மூன்றாவது, மரங்களுக்கு நடுவே போகும் மெதுவான ரயில். "குலுக்கல் தெரியல. நாலாவது வளைவுல மட்டும் ஒரு சின்ன உதறல். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஓட்டுறவரையும் கேளு. அம்மாவையும் கேளு."

வரிசைகளையெல்லாம் கடந்து இந்த மூன்றை முடிக்க மூன்றரை மணி நேரம் ஆனது.

ஸ்கேல் பழச்சாறுக் கடையின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைடு வரைபடத்தை நீட்டினாள். ஸ்கேல் வாங்கினாள், படித்தாள். எழுந்து ரயில் பக்கம் போனாள். வேலியோரம் நின்று அது இரண்டு சுற்று போய் வருவதை நாலாவது வளைவிலேயே கண்ணை வைத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். ஊழியரிடம் தன் முதுகைக் காட்டிக் கேட்டாள். அவர் மேலாளரைக் கூப்பிட, மூன்று பேரும் நின்று பேசினார்கள். பிறகு இரண்டாவது பெட்டியில் ஏறினாள். கைடை அழைக்கவில்லை.

கைடு நின்ற வேலியோரத்தை ரயில் கடக்கும்போது ஸ்கேலின் கை உயர்ந்தது.

நான் "கையசைத்தாள்" என்றுதான் எழுதியிருந்தேன். கைடு அதை அடித்தாள். "எனக்குக் காட்டினாளா, கம்பியப் பிடிக்கத் தூக்கினாளான்னு தெரியல சித்தி. தெரியாதத எழுதாத."

கை உயர்ந்தது.

9

அதற்கப்புறம் நடந்தவை.

திங்களன்று ஸ்கேல் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆனால் நடுவில் பையை வைத்தாள்.

கைடு தன் நூற்றுப்பதினெட்டுப் பதிவுகளில் ஒன்றையும் நீக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும், "இங்கே நான் போனதில்லை" என்று சேர்த்தாள். இரண்டு நாள் ஆனது. படகு ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் நீளமாக எழுதினாள். பலர் திட்டினார்கள், பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் விலகிப் போனார்கள். ஒருவர் மட்டும், "அதெல்லாம் இருக்கட்டும், எந்த மாசம் போனா நல்லது?" என்று கேட்டிருந்தார்.

ஸ்கேலின் அம்மாவை வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். அவர் நின்றபடியே முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. கடைசியில், "சரி, போயிட்டு வா," என்றார்.

"போன்னு சொல்லல சித்தி. போயிட்டு வான்னாங்க."

"எல்லாருக்கும் அப்படித்தாண்டி சொல்லுவாங்க."

"தெரியும். ஆனாலும் சொன்னாங்கல்ல."

10

நேற்று மாலை அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவும் அத்தானும் வேலை முடிந்து வந்திருந்தார்கள். கைடு உள்ளறையிலிருந்து ஃபோனோடு வந்தாள். ஸ்கேல் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தகவல். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.

"நீ முதல்ல கேளு சித்தி. கதைக்கு முடிவு வேணும்ல."

ஆசைதான். கை நீண்டுவிட்டது. மடக்கிக்கொண்டேன். "எனக்கு அனுப்பினது இல்லையே அது."

"திட்டத்தான் செய்வா," என்றாள் அக்கா, அரிசி களைந்தபடி.

அத்தான் காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "திட்டட்டுமே. வேண்டாம்னு முடிவு பண்ணவ உக்காந்து நாலு நிமிஷம் பேசுவாளா?"

கைடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியே அவள் முதுகு தெரிந்தது. ஃபோன் காதில் இருந்தது. ஒரு நிமிடம் அசையவில்லை. இரண்டாவது நிமிடத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மீதி இரண்டு நிமிடத்துச் சொச்சத்தை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கேலை உங்களுக்கும் இப்போது ஓரளவு தெரியும்.

நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த குரலுக்கு யாரும் 'ம்' கொட்டுவதில்லை, எதிர்முனையில் ஆள் இல்லையே. கைடு கொட்டினாள். கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது. ஒரு முறை. கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை.