ஸ்டூல் கேட்டவள்

கண்ணை மூடிய மறுநிமிடமே நெட்டையக்கா தூங்கிப்போனாள். லேசாகக் குறட்டைகூட விட்டாளாம். ஓட்டலின் சலவைக்கூடத்து மூலையில் பாய் விரித்து, இஸ்திரி போடுகிறவர்களும் துணி மடிக்கிறவர்களும் சம்மணமிட்டிருந்தார்கள். உடம்பு, மனம், ஆன்மா மூன்றையும் இணைக்கும் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடுங்கித்தான் அதை நடத்தினார்கள். வெள்ளை உடுப்பில் வந்த பயிற்சியாளர் அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"எல்லாரும் மெதுவா கண்ணைத் திறந்து இந்தம்மாவைப் பாருங்க," என்றார் அவர். "உடம்பையே மறந்துட்டாங்க. வலியெல்லாம் மனசுலதான் இருக்குன்னு சொன்னேனே, இவங்கதான் சாட்சி."

பக்கத்திலிருந்த மடிக்கிறவள் விலாவில் இடித்த பிறகே அக்கா விழித்தாள். சூப்பர்வைசர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

உடம்பை மறப்பதாவது! கால் கடுப்பில் ராத்திரியெல்லாம் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தவள் அவள். நாள் முழுக்க ஆவியில் நின்றே வேலை. சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாது. அவள் கேட்டதெல்லாம் மேசைக்கு ஒரு ஸ்டூல். அடுத்த மூட்டை வரும்வரை சற்றுக் குந்துவதற்கு. சூப்பர்வைசரிடம் கேட்டு, மேனேஜரிடம் கெஞ்சி, கடைசியில் வந்து சேர்ந்தது இந்த வகுப்பு.

"வலிதான் போயிடுச்சே, இனி ஸ்டூல் பேச்சை விடுங்க," என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கு முதலாளியம்மா வகுப்பைப் பாக்க வராங்க. உங்க அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொல்லணும்."

வெளியே வந்ததும் மடிக்கிறவள் பொரிந்து தள்ளினாள். "நீ தூங்கினதுல எங்க எல்லாருக்கும் ஸ்டூல் போச்சுக்கா."

"வேணும்னேவா தூங்கினேன்? அசந்துட்டேன்டி."

"அதை நாளைக்கு அங்க சொல்லு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை வீங்க வைத்தது அவர்கள். பழி மட்டும் அவள் மனசுக்கா? திருட்டுக் கொடுத்தவளையே திருடி என்பார்களா? வீடு போய்ச் சேரும்வரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் முதலாளியம்மாவுக்கு நாற்காலி வந்தது. மெத்தை வைத்த நாற்காலி. கேட்காமலே வந்தது.

"சொல்லுங்கம்மா," என்று பயிற்சியாளர் புன்னகைத்தார். "இப்ப வலி எங்க இருக்கு?"

"இங்கதாங்க."

அக்கா எழுந்து அந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். சீருடையின் கால்பகுதியைச் சுருட்டினாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். வீங்கிய தோலில் விரல் பதிந்த இடம் குழியாக நின்றது.

"நேத்து நான் தூங்கிட்டேங்க. வேற ஒண்ணும் நடக்கல."

"எல்லாரும் கண்ணை மூடி, மூச்சை மெதுவா உள்ள..." என்று அவசரமாக ஆரம்பித்தார் பயிற்சியாளர்.

ஒருத்தியும் மூடவில்லை. மடிக்கிறவள் குனிந்து தன் கால்பகுதியைச் சுருட்டத் தொடங்கினாள். முதலாளியம்மா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் நிரம்பவில்லை.