பிலாத்து கேட்ட கேள்வி

மலைமேல் வாழவந்தி நாட்டுக் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்த சூசைமாணிக்கத்திடம் யாரும் லேசில் ஊர் கேட்கமாட்டார்கள். கேட்டால் தப்பிக்க முடியாது. துறையூருக்குக் கிழக்கே சொந்த ஊர், தாத்தா உபதேசியார், அப்பா தலைமையாசிரியர், கோவில் மணி தங்கள் குடும்பம் கொடுத்தது என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்.

"ஊரத்தானுங்க கேட்டேன். வம்சத்தையே எறக்கி வெக்கறீங்களே சாமி," என்பாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சென்னம்மாள். "ஊசியப் போடுங்க, மாடு பயந்துக்குது."

பெரிய வெள்ளியன்று மலைக்கோவிலில் ஆண்டவரின் பாடுகளைப் பாகம் பிரித்து வாசிப்பார்கள். ஒருவர் ஆண்டவர், ஒருவர் அவரை விசாரிக்கும் ஆளுநர் பிலாத்து; மற்றவர்கள் 'சிலுவையில் அறையும்' என்று கூட்டமாகக் கத்துவார்கள். சூசைமாணிக்கத்துக்கு ஆண்டவர் பாகம் தன்னைவிட்டுப் போகக்கூடாது. ஆனால் பாகம் கொடுக்கும் பிரிசில்லா டீச்சர் இந்த வருஷம் இழுத்தார்.

"போன தடவ ஆண்டவர் பேசினமாதிரியே இல்லீங்க சார். பூராவும் நீங்கதான். இந்த வாட்டியும் அப்படீன்னா, அடுத்த வருஷம் தமிழ்செல்வனுக்குக் குடுத்துருவேன்."

"மின்வாரியத்துத் தமிழ்செல்வனா? அவன் பிலாத்துக்குத்தான் லாயக்கு," என்றார். ஆனாலும் உள்ளே சுருக்கென்றது.

தினமும் விடிந்ததும் வேதத்தோடு குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த பாறையில் போய் உட்கார்ந்தார். குரலைக் குறைத்துப் பார்த்தார். குறைத்த குரலையும் அவரே ரசித்தார்.

ஒருநாள் அந்த இடம் வந்தது. நீ எங்கிருந்து வந்தவன் என்று பிலாத்து கேட்கிறான். ஆண்டவர் பதில் சொல்லவில்லை. ஆண்டவர் பாகத்தில் அங்கே வாசிக்க ஒன்றுமில்லாததால் இத்தனை வருஷமும் தாண்டிப் போயிருந்தார். வானத்தையே சொந்த ஊராகச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

அந்தப் பேச்சில்லாத இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கமிருந்து மஞ்சு வெண்பனியாக ஏறி வந்தது. மிளகுக்கொடி மறைந்தது, அது படர்ந்திருந்த மரம் மறைந்தது, மடியிலிருந்த எழுத்தும் மங்கிப்போயிற்று. கேள்வி மட்டும் நின்றது, இப்போது அவரைப் பார்த்து. தலைமையாசிரியர் மகன் என்று பதில் ஒன்று எழுந்தது. வெள்ளைக்குள் போனது திரும்பவில்லை. சூசைமாணிக்கம் என்ற பேர் தூரத்தில் யாரையோ கூப்பிட்டு ஓய்ந்த சத்தம்போல இருந்தது. பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், பயப்படவும் அங்கே ஆளில்லை.

பெரிய வெள்ளி பிற்பகல். கோடை மழை ஓய்ந்து, திறந்த கதவு வழியே மஞ்சு பீடம்வரை வந்திருந்தது. பிலாத்து பாகம் வாசித்த தமிழ்செல்வன் அந்தக் கேள்வியை அதட்டலாகத்தான் கேட்டான். பதில் இல்லை. அடுத்து அவன்தான் தொடரவேண்டும். சூசைமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தவன் தன் வரியை மறந்து நின்றான். கடைசியில் 'என்னோடு பேசமாட்டாயா' என்று அவன் கேட்டபோது அதட்டல் போய்விட்டிருந்தது. அதற்கு வந்த பதில் மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக வந்தது. அதை சூசைமாணிக்கமும் எல்லாரையும்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிலுவையை முத்தமிடும் வரிசையில் பிரிசில்லா டீச்சர் அவரைத் தேடிப் பிடித்தார். கண் சிவந்திருந்தது.

"அடுத்த வருஷமும் நீங்கதானுங்க சார்."

"தமிழ்செல்வனே வாசிக்கட்டும் டீச்சர். நான் கூட்டத்தோட நின்னு கத்தறேன்."

"ஏனுங்க, கோவமா?"

அவர் சிரித்தார். வரிசை நகர்ந்தது. செருப்பில்லாத கால்களோடு அவரும் ஓரடி நகர்ந்தார்.