ஏழாம் கட்டத்து மடிப்பு

ஆஸ்பத்திரி லேபில் இடது கண்ணை மைக்ராஸ்கோப்பில் ஒட்டி, வலது கண்ணைத் தாளில் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம். லென்சுக்குள் கட்டம் போட்டிருக்கும், தாளிலும் அதே கட்டம். அங்கே தெரிவதை இங்கே இறக்க வேண்டியதுதான். ஏழாம் கட்டம் வந்ததும் பென்சில் அவளைக் கேட்காமலே வலப்பக்கம் வளைந்து, கொக்கி போல ஒரு மடிப்பைப் போட்டுவிட்டு நின்றது. உற்றுப் பார்த்தாள். மடிப்பு அங்கே இருந்தது. கண் பார்க்கும் முன்னால் கைக்கு எப்படித் தெரிந்தது?

ஸ்லைடில் ஒட்டியிருந்தது அக்கா வீட்டுக்காரரின் நோயாளி எண். கிரஷரில் கல் உடைத்து ஒரு வருஷமாக இருமுகிற மனுஷன். நெஞ்சில் ஓட்டை போட்டு எடுத்த நுரையீரல் துண்டு. அதில் கல்தூசி இல்லையென்றால் நாளைக்கே வேலைக்குப் போகலாம். இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. இதுவரை தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள், திருடனைக் கண்ட நாய் மாதிரி ஸ்லைடை முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் துப்பும் சளியே சாம்பல் நிறம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

மடிப்பு உடம்பில் இருப்பதல்ல. சீவிய சதையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தும்போது விழுவது. ஒரு தடவை விழுந்த மாதிரி மறு தடவை விழாது. பென்சில் படத்தை மையில் எடுக்கும்போது அதை விட்டுவிட வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அதனால் கோப்பில் இருக்கும் படங்களில் மடிப்பே கிடையாது. பென்சில் தாள்களில் மட்டும் உண்டு. அவற்றை அலமாரி அடித்தட்டில் போட்டு வைத்திருந்தாள். கிளறினாள். போன மாதத் தாள் ஒன்றில் அதே கொக்கி, வேறு யாருடைய எண்ணோ. அதையும் இன்றைய தாளையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டின் மேல் கோடு அச்சாக உட்கார்ந்தது.

முதலில் டாக்டர் மேல்தான் சந்தேகம். கிரஷர் முதலாளி எங்கே எவ்வளவு தள்ளினானோ. ஆனால் டாக்டர் ஸ்லைடைத் தொடுவதில்லை. சதை சீவி, எண் ஒட்டுவது பக்கத்து அறைக் கத்தியண்ணன். ஒரு நாளும் இல்லாத திருநாளாக, இன்றைக்குக் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தவர்.

"அண்ணே, இது யாரோட சதை?"

"நம்பர்தான் ஒட்டியிருக்கே. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"என் கண்ணு கெடக்கட்டும். போன மாசம் வந்த ஸ்லைடுக்கு இன்னைக்குப் புது நம்பர் எப்படி வந்துச்சு?"

அவர் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தார்.

"அரை அரிசி அளவுதாம்மா துண்டு. அலசும்போது தொட்டி ஓட்டையில போயிருச்சு. சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. யாருக்கு என்ன கெடுதல்? நல்ல நுரையீரலாத்தான் பாத்து வெச்சேன்."

"ஓட்டையில போனது எங்க மாமாவோடது."

கத்தியண்ணன் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "கடவுளே" என்றார். அப்புறம், "டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?" என்றார்.

பென்சில் தாளோடு அவள் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் மாமா, சவரம் செய்த முகத்தோடு, புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கொழுந்தியா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சுத்தமா இருக்காமே! கத்திக்காரர் காலையிலயே காதுல போட்டாரு. நாளைக்கு மொத ஷிப்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"மாமா, இன்னொரு துண்டு எடுத்துப் பாத்தா…"

"இன்னொரு ஓட்டையா? ஆளை விடு தாயே! இது என்ன நெஞ்சா, சல்லடையா?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. தையல் போட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு முழங்கால் வரை குனிந்துவிட்டார். நிமிர வெகுநேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"குடு அந்தப் படத்தை. உங்கக்கா நம்ப மாட்டேங்கிறா, காட்டணும்."

நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் விரல்கள் விடவில்லை. அவர் சிரித்தபடி லேசாக இழுத்தார். பிறகு சிரிக்காமல் இழுத்தார். இருவருக்கும் நடுவில் தாள் விறைத்து நின்றது.